மேஸ்திரியைத் தேடும் தம்பிக்கு

வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்றவர்களிடமும் இன்று பேச விரும்புகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் பெயின்டர் பிரிவு உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு. பக்கத்தில் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான பெயின்டர்கள் ஒரு மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்ந்துதான் தொழில் கற்றிருக்கிறார்கள். அந்த மேஸ்திரி யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அவரை எங்கே தேடுவது? காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில் நின்றால் அன்றைய வேலை கிடைக்கலாம். மறுநாள் வேறு ஆள், வேறு வேலை. அதைவிட உங்கள் ஊர்ப் பெயின்ட் கடைக்குப் போங்கள். எந்த மேஸ்திரி சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கிறார், யாரிடம் பையன்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். இரண்டு மூன்று பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் வேலை செய்யும் வீட்டுக்கே நேரில் போய்ப் பாருங்கள்.

அங்கே அடித்து முடித்த வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்ணம் ஏறுவதற்கு முந்திய சுவரைப் பாருங்கள். புதுப் பூச்சு என்றால், நல்ல மேஸ்திரி அது நன்றாக ஆறிக் காயும் வரை, சுமார் 28 நாளாவது, பொறுத்திருப்பார். ஓதம் ஏறிய சுவரில், நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைக்காமல் பட்டி வைக்க மாட்டார். பட்டியை இரண்டு முறை மெல்லிசாக இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு விளக்கைச் சுவரோரம் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பார். அந்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக விழும். தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் வண்ண டின்னைத் திறப்பார். இத்தனையையும் அவசரப்படாமல் செய்கிறவர் கிடைத்தால், தொடக்கக் கூலி சற்றுக் குறைவாக இருந்தாலும் அவரிடமே சேருங்கள்.

முதலில் சில மாதங்கள் தேய்ப்பதும், கலக்குவதும், பிரஷ் கழுவுவதுமாகத்தான் போகும். அதுவும் பாடம்தான். ஆனால் ஓராண்டு கழிந்தும் பட்டித் தகட்டைக் கையில் தராத மேஸ்திரியிடம் அதற்குமேல் நிற்காதீர்கள்.

சேரும் காலமும் முக்கியம். மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லோருக்கும் ஆள் வேண்டும். யாரையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் நின்று சொல்லித்தர நேரம் இருக்காது. தை பிறந்து நெருக்கடி தணிந்த பிறகு போய்க் கேளுங்கள்.

பெற்றோர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு முன்பு அடித்த பழைய எனாமல் பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதைக் காய்ந்தபடியே சுரண்டினால் தூசி மூச்சோடு உள்ளே போகும். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். முகத்தில் நல்ல மாஸ்க் வேண்டும். கை கழுவாமல் சோற்றைத் தொடக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைச் சாரத்தில் ஏற்றவே கூடாது. வயது நிரம்பியவர்களும் இடுப்புப் பட்டையும் கயிறும் இல்லாமல் ஏறக்கூடாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற மேஸ்திரி உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். பதினெட்டு ஆனதும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பெயின்டர்களும் அதில் சேரலாம்.

வீடு வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "புதுப்பையன் என் சுவரைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள். கூடத்துச் சுவரை மேஸ்திரியே பார்க்கட்டும். சாமான் அறையோ, மொட்டைமாடிப் படிக்கட்டுச் சுவரோ, ஒன்றை அந்தப் பையனுக்கு விடுங்கள். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். மேடு பள்ளம் தெரிந்தால் மறுபடி தேய்க்கச் சொல்வார். அதற்கு அரைநாள் கூடுதலாக ஆனால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.