கைவிடப்பட்ட மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் பிற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றை அவற்றுக்குப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளாகும். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இன்று பரவலாக வழங்குபவை. ஓர் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவதை அதன் நிறுவனம் நிறுத்திக்கொண்டால், நேற்று ஓடிய மடிக்கணினி நாளையும் ஓடும். ஆனால் அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அதில் அடைபடாமலே கிடக்கும். 2015 ஜூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதிப்புக்கு மாறிவிடலாம் என்று முயல்வோரில் பலருக்குத் திரையில் கிடைப்பது, இந்தக் கணினி பொருந்தாது என்ற ஒரே வரிதான். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் காரணம் கணினிக்குக் கணினி வேறுபடுகிறது என்பதும், காரணத்தைப் பொறுத்தே பரிகாரமும் அமைகிறது என்பதும் பரவலாக அறியப்படவில்லை.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. டிபிஎம் என்பது மறைகுறிகளுக்கான சாவிகளைத் தனியே வைத்துக் காக்கும் சிறு பகுதி. ஏழாம் தலைமுறை நுண்செயலி கொண்ட மடிக்கணினிக்கு விண்டோஸ் 11ஐ ஓட்டும் வலிமை இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஏற்கும் நுண்செயலிகளின் பட்டியலில் அதன் பெயர் இல்லை, அவ்வளவே. ஆகவேதான் ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, இந்தச் சோதனைகளை நீக்கிய நிறுவல் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துவிட்டால், அதே கணினியில் அதே விண்டோஸ் மறுபேச்சின்றி ஏறிவிடுகிறது. அப்படி ஏற்றப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று உறுதிகூற மைக்ரோசாஃப்ட் மறுக்கிறது என்பதை மட்டும் நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இந்த வகை மறுப்பு தொழில்நுட்பத்தில் பெரிதும் சுவையற்றது. சுவை ஆப்பிள் மடிக்கணினிகளின் கதையில்தான் தொடங்குகிறது.

2012 ஜூனில் அறிமுகமாகி 2016 வரை விற்பனையில் இருந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆப்பிள் அனுமதித்த கடைசி இயங்குதளம் 2019இன் கேட்டலினா. அந்தக் கேட்டலினாவுக்குக் கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் 2022இல் வந்தது. இத்தகைய கணினிகளுக்கென டோர்டானியா என்னும் தன்னார்வக் குழு உருவாக்கியதுதான் ஓப்பன்கோர் லெகசி பேட்சர். ஓப்பன்கோர் என்பது ஒரு துவக்கி மென்பொருள். கணினி உயிர்பெற்றதும் இயங்குதளத்துக்கு முன்பே எழுந்து, பொருந்துமா என்று பார்க்கும் சோதனையைத் தவிர்க்கும்படி செய்துவிட்டு, அதன் பிறகே இயங்குதளத்தை எழுப்புகிறது. ஆயினும் வாசலைக் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இயக்கி என்பது குறிப்பிட்ட ஒரு வன்பொருளோடு பேசத் தெரிந்த சிறு நிரல். இந்த 2012 மடிக்கணினியின் திரையில் படத்தை வரையும் இன்டெல் எச்டி 4000 என்னும் பகுதிக்கான இயக்கியை 2021இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து ஆப்பிள் நீக்கிவிட்டது. அதனால் நிறுவல் வெற்றிபெற்ற பின்னும் சாளரங்கள் நகரும்போது தடுக்கித் தடுக்கி இழுபடும். ஒளிபுகும் பட்டைகள் சாம்பல் பூத்துக் கிடக்கும். முந்தைய பிக் சர் பதிப்பில் அந்த இயக்கி இருந்ததால், அதை அங்கிருந்து எடுத்துப் புதிய பதிப்புக்குள் வைத்துப் பொருத்துவதே பேட்சர் செய்யும் இரண்டாவது வேலை.

இத்தனையையும் தாண்டி 2022 அக்டோபரில் வென்சுரா என்னும் பதிப்பு வந்தபோது எழுந்த சிக்கல் வேறு இனத்தைச் சேர்ந்தது. இவ்வுரை சற்று நின்று பார்க்க விரும்பும் இடமும் இதுவே. நுண்செயலி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட கட்டளைகளை மட்டுமே அறியும். 2013இல் இன்டெல் வெளியிட்ட ஹாஸ்வெல் தலைமுறையில் ஏவிஎக்ஸ் 2 என்னும் கட்டளைத் தொகுதி சேர்ந்தது. பந்தியில் ஒவ்வோர் இலையாகப் போகாமல் எட்டு இலைக்கும் ஒரே வீச்சில் பரிமாறுவதைப் போல, 32 பிட் அளவுள்ள எட்டு முழு எண்களை ஒரே கட்டளையில் கூட்ட அது வழிசெய்தது. வென்சுராவில், எல்லா மென்பொருள்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை ஆப்பிள் இந்தக் கட்டளைகளைக் கொண்டே உருவாக்கியிருந்தது. 2012இன் நுண்செயலியோ அவற்றை அறியாது. அறியாத கட்டளையைச் சந்தித்ததும் அது பிழை எழுப்ப, ஓடிக்கொண்டிருந்த நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கும் பரவிக் கிடக்கும் பொதுத் தொகுப்பே இப்படி என்றால், இயங்குதளம் எழுந்து நிற்பதற்கே இடமில்லை. பட்டியலைத் தவிர்த்தாலும் பயனில்லை, பழைய இயக்கியைக் கொண்டுவந்தாலும் பயனில்லை. பழைய கணினிகளின் கதை இத்துடன் முடிந்தது என்றே அன்று பலரும் எண்ணினர்.

தீர்வு எங்கே கிடைத்தது என்பதைக் கேட்டால் நேயர்கள் வியக்கக்கூடும்: ஆப்பிளின் ஆகப் புதிய கணினிகளில். 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த ஆப்பிள் கணினிகள் இன்டெல் கட்டளைகளை நேரடியாக அறியாதவை. இன்டெல்லுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களை அவற்றில் ஓட்ட ரொசெட்டா என்னும் பெயர்ப்பு நிரல் உதவுகிறது. அந்த ரொசெட்டாவுக்கு அன்று ஏவிஎக்ஸ் 2 தெரியாது. ஆகவே, ஏவிஎக்ஸ் 2 இல்லாத ஓர் இன்டெல் தொகுப்பையும் தன் புதிய கணினிகளுக்காக ஆப்பிளே வென்சுராவுக்குள் வைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. இத்தொகுப்புகள் கிரிப்டெக்ஸ் எனப்படும் தனி வட்டுப் பிம்பங்களாக வந்தன. நிறுவும் வேளையில், இன்டெல் கணினிகளுக்குரியதை விட்டுவிட்டு, ரொசெட்டாவுக்கான பிம்பத்தை எடுத்துவைக்கும்படி செய்யும் சிறு நீட்சியொன்றைத் தன்னார்வலர்கள் எழுதினர். பத்தாண்டு பழைய மடிக்கணினி, தன்னை ஒதுக்கிவிட்டு வந்த எம்1 வரிசைக்கென வைத்திருந்த பங்கை உண்டு உயிர்பிழைத்தது. இயங்குதளங்களின் அண்மைக்கால வரலாற்றில் இதைவிட நயமான ஒட்டுவேலை அரிது.

எல்லா இடத்திலும் இப்படி ஒரு புதையல் கிடைத்துவிடுவதில்லை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ஓர் எண்ணின் இரும வடிவில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என்று எண்ணும் பாப்கவுன்ட் என்னும் கட்டளையைக் கட்டாயமாகக் கேட்கிறது. கோர் 2 டுவோ நுண்செயலிகளில் அது கிடையாது. மாற்றுத் தொகுப்பும் இல்லை. அங்கே ரூஃபஸால் எதையும் செய்ய முடியாது.

ஒட்டுப்போட்டு ஓட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. பிக் சர் தொடங்கி ஆப்பிள் தன் இயங்குதள வட்டுப் பகுதியை மறைகுறி முத்திரையிட்டே தருகிறது. பழைய இயக்கிகளை உள்ளே வைக்க அந்த முத்திரையை உடைத்தாக வேண்டும். அதனால் சிறு திருத்தம் வந்தாலும் முழு நிறுவல் கோப்பும் பல ஜிகாபைட் அளவில் இறங்குகிறது. இறங்கிய ஒவ்வொரு முறையும் இயக்கிகள் அழிந்து, மீண்டும் அவற்றைப் பொருத்த வேண்டியிருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவைப்பதே அறிவுடைமை. முத்திரை உடைந்த புதிய பதிப்பு, 2022இல் உறைந்துபோன கேட்டலினாவைவிடப் பொதுவாக மேலானது. ஆயினும் அலுவலக இரகசியங்களை நம்பி வைக்கும் அளவுக்கு மேலானதன்று.

மென்பொருளைப் பற்றியே இவ்வளவு பேசியாயிற்று. உண்மையில் முதல் செலவு வட்டுக்கே செய்யப்பட வேண்டும். குறிப்பிட்ட அந்த 2012 மடிக்கணினியின் அடித்தட்டில் பத்துத் திருகாணிகள் இருக்கின்றன. அவற்றுள் மூன்று மட்டும் நீளமானவை. இடம் மாற்றி முடுக்கினால் தட்டு சரியாக அமராது. திறந்ததும் சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைப்பதும், ரேமை 16 ஜிபி வரை உயர்த்துவதும் திருப்புளிகளோடு முடியும் வேலை. எஸ்எஸ்டி வைத்த பின்னும் கணினி தடுமாறினால் இயங்குதளத்தைப் பழிக்குமுன், வட்டிலிருந்து பலகைக்குச் செல்லும் பட்டைக் கேபிளைப் பார்க்க வேண்டும். அந்த மாதிரியில் அடிக்கடி நைந்துபோவது அதுவே.

லினக்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல இவ்வுரையின் நேரம் போதாது. பழைய வன்பொருளுக்கான இயக்கிகளை எளிதில் நீக்காத மரபு அதனுடையது. எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் வரும் லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகள் இன்னும் வீட்டில் இருப்பின், அவற்றுக்கும் முதலில் முயல வேண்டியது இந்த வழியே. லினக்ஸுக்கும் எல்லை உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு, 32 பிட் மட்டுமே அறிந்த கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது.

இன்டெல் மேக் கணினிகளின் பாதையும் முடிவை நெருங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த டஹோவே இன்டெல் நுண்செயலிகளுக்கான கடைசி மேக் ஓஎஸ் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், அதற்கடுத்த பதிப்பில் ஒட்டுப்போடுவதற்கு இன்டெல் இயங்குதளம் என்ற ஒன்றே இராது. அதுவரை முயன்று பார்க்க விரும்பும் நேயர்கள், நிறுவலைத் தொடங்குமுன் தங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அந்தப் படிகள் இன்னொரு கணினியில் திறக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.