காதுக்குள் ஒரு 'ஙொய்'

திருத்தங்கல், சிவகாசி வட்டாரம் நாட்டுக்கே சத்தம் செய்து அனுப்புகிறது. ஆனால் பட்டாசு ஆலைக்குள் 'டங்'கென்று ஒரு சத்தம் வரக்கூடாது. உராய்ந்தால் ஆபத்து என்று இரும்புக் கருவிகளையே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி சத்தம் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். காரணம், காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள். தலைமயிர் கொட்டினாலும் சிலருக்கு முளைக்கும். பெருஞ்சத்தத்தில் இந்தச் செல் செத்தால் செத்ததுதான்!

சரி, புலன்களுக்கு வேலையே கொடுக்காவிட்டால்? 1950-களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹெப்பின் குழுவினர் சோதித்தார்கள். மாணவர்கள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். நாளுக்கு 20 டாலர் கூலி. கண்ணுக்கு மங்கலான கண்ணாடி, கைக்கு அட்டை உறை, காதில் மாறாத ஒரே இரைச்சல். சும்மா கிடக்கக் காசென்றால் கசக்குமா? ஆனால் பெரும்பாலோர் சில நாளில் போதுமென்று எழுந்துவிட்டார்கள். யோசனை தடுமாறியது, சிலருக்கு இல்லாத உருவங்கள்கூடத் தெரிந்தன.

வெடிச்சத்தம் அடங்கிய பிறகும் காதில் 'ஙொய்' என்கிறதே, அதுவும் இந்தச் சாதிதான். பழுதான செல்லிலிருந்து சேதி வராதபோது மூளை தானாகவே ஓர் ஓசையை இட்டுக்கட்டிக்கொள்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தீபாவளிக்குச் சரம் கொளுத்தும்போது பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். மறுநாளும் 'ஙொய்' ஓயவில்லையா? கைவைத்தியம் பார்க்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.