அடைக்கலம் காத்தல்

(தென்னூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதியோர்க்கு ஓர் இல்லமும், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதியும் தென்னூரில் அமைத்தல் வேண்டுமென்னும் தீர்மானம் இன்று உங்கள்முன் வந்திருக்கின்றது. பொருளுதவி புரியப் பலர் முன்வந்துள்ளனர், மகிழ்ச்சியே. ஆயினும், கட்டடத்துக்கு அஸ்திவாரம் இடுமுன் இடவேண்டிய அஸ்திவாரம் வேறொன்று உண்டு. அதனைக் குறித்தே யாம் பேசப் புகுந்தோம்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு நம் திருவரங்கத்தையும் உறையூரையும் கடந்தே மதுரை சென்றனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். ஆங்கு அடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். பின்னர் நேர்ந்த கேட்டில் மாதரியின் பிழை எள்ளளவும் இல்லை. எனினும், அடைக்கலத்தை இழந்தேனே என்று அவள் தீப்புகுந்தாள். அச்செயலை யாம் போற்ற வரவில்லை. பிறர் உயிரைக் கையேற்றவர்க்கு இருக்கவேண்டிய பொறுப்புணர்ச்சியையே சுட்டுகின்றோம்.

அவ்வுணர்ச்சி அற்றவிடத்து நிகழ்வது யாதெனின், ஏர்வாடியை நினைமின். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில், மனநோயாளரை வைத்திருந்த கீற்றுக்கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையின் அவர்கள் எழுந்து ஓடவும் இயலவில்லை. 28 பேர் மாண்டனர். சங்கிலியிட்டவர் ஒருசிலரே. ஆனால் அதனை நாடோறும் கண்டு சென்றவர் எத்துணைப் பேர்! பணம் செலுத்திவிட்டு எட்டிப் பாராத உறவினர் எத்துணைப் பேர்! கண்டு பழகிய கண்ணுக்குக் கொடுமையும் வழக்கமாகத் தோன்றிவிடுகின்றது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்துளது. ஆயினும் சட்டத்துக்குக் கண் நாமே ஆதல் வேண்டும்.

பிறரைக் குறைகூறி நாம் தப்பலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவருள் ஒரு மூதாட்டியார் ஓர் இல்லத்தில் விடப்பட்டிருந்தார். மகனார் வெளிநாட்டில், பணம் மாதந்தோறும் தவறாது வந்தது. காணச் சென்ற நம் மாதர் அம்மையாரின் கையில் கன்றிய தழும்பைக் கண்டு வினவினர். பணிப்பெண் அருகில் நிற்க, "விழுந்துவிட்டேன்" என்றார் அவர். ஐயம் எழுந்தும், குடும்பத்தின் பெயர் கெடுமே என்று நாம் வாளாவிருந்தோம். மகள் வீட்டுக்கு வந்தபின்னரே, இரவுதோறும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த செய்தியை அவர் வெளியிட்டார். நாம் காத்தது மானம் என்றெண்ணினோம். காவாது விட்டது ஒரு தாயை.

ஆதலின், தீர்மானத்தோடு சில விதிகளையும் சேர்த்தல் வேண்டுமென விண்ணப்பித்துக்கொள்கின்றோம்.

முதலாவது, பதிவு பெறாமல் ஒருவரையும் ஏற்றல் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டும் சிறுவரை வைத்திருக்கும் இல்லங்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். நம் விடுதிக்கும் முதியோர் இல்லத்துக்கும் உரிய அனுமதிகளைக் கேட்டறிந்து பெறுதல் நம் கடன்.

இரண்டாவது, பணியாளரை அமர்த்துமுன் முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரில் விசாரித்தல் வேண்டும். 'நம்மவர்' என்பது நற்சாட்சிப் பத்திரம் ஆகாது.

மூன்றாவது, பணியாளர் போதிய எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். பகலும் இரவும் ஒருத்தியே உழைப்பின் இயல்பாகவே இரக்கமுள்ளவளும் கடுமை கொள்வாள். அவர்தம் ஓய்வும் ஊதியமும் முதியோரின் பாதுகாப்பேயாகும்.

நான்காவது, குழந்தையோடு எவரும் தாழிட்ட அறையில் தனித்திருத்தல் கூடாது. காரியதரிசியும் இதற்கு விலக்கல்லர்.

ஐந்தாவது, முன்னறிவிப்பின்றிச் சென்று பார்வையிடுவோர் இருத்தல் வேண்டும். அவர்கள் பணியாளர் இல்லாத இடத்தில் முதியோரோடும் பிள்ளைகளோடும் உரையாடுதல் வேண்டும். மூதாட்டியாரின் செய்தி நமக்குக் கற்பித்த பாடம் இது.

ஆறாவதே தலையாயது. குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததென அறிந்தால், நேரக்கூடுமென அஞ்சினாலும், போலீசாருக்குத் தெரிவித்தல் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஒவ்வொருவர்க்கும் கடமை. குற்றத்தை அறிவியாது விடுபவர்க்கு ஆறு மாதம் வரையிலும், தம்கீழ்ப் பணியாளரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டு வரையிலும் சிறை விதிக்க இடமுண்டு. நல்லெண்ணத்தோடு அறிவிப்பவரை அச்சட்டமே காக்கின்றது. ஆகவே, சங்கத்துக்குள் பஞ்சாயத்துப் பேசி முடித்தல் என்பது இவ்விஷயத்தில் அறவே கூடாது. சிறுவர்க்கு 1098, முதியோர்க்கு 14567 என்னும் தொலைபேசி எண்களைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தல் வேண்டும். எழுத்தறியாத முதியோர்க்கு வாயால் சொல்லிவைத்தலும் வேண்டும்.

அன்பர்களே! இவ்விதிகளால் சங்கத்தின் மேல் ஐயம் எழுமென்று சிலர் அஞ்சுகின்றனர். கணக்கைத் தணிக்கை செய்விக்கும் பொருளாளரைத் திருடர் என்று எவரேனும் கூறுவரோ? காசுக்குத் தணிக்கை வேண்டுமெனின், உயிருக்கு வேண்டாவோ?

இவ்விதிகளை ஏற்கும் துணிவு நமக்கு இருப்பின் இல்லத்தைத் தொடங்குவோம். இல்லையெனின், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அடைக்கலம் தராதிருத்தல் குறை. தந்து காவாதிருத்தல் பாவம். சிந்தித்து முடிவு செய்யுங்கள்.