பந்தயத்திற்குப் போகும் குதிரை

ஒரு கோயில் திருவிழாவில் குதிரை வண்டிப் பந்தயம் காணச் சென்றிருந்தேன். லாரியிலிருந்து இறக்கிய குதிரையொன்று விடாது இருமிற்று. தடுமாறாதிருக்கட்டும் என்றெண்ணி, இரவெல்லாம் அதன் தலையை உயரத் தூக்கிக் கட்டி வந்தனராம்.

நேயர்களே, குதிரை தலையைத் தாழ்த்தினாலன்றி மூச்சுக்குழலில் சேரும் தூசியும் சளியும் எளிதில் வெளியேறா. அவை தங்கினால் நுரையீரலில் அழற்சி கண்டு, உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள். நான்கு மணி நேரத்திற்கொருமுறை லாரியை நிறுத்தி, தலை தாழ்த்தவும் நீர் அருந்தவும் விடுங்கள். வண்டியைக் குதிரையிடமிருந்து தடுப்பிட்டுப் பிரித்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து இறுகக் கட்டுங்கள்.

அன்று உரியவர் அக்குதிரையை ஓட்டவில்லை. மருத்துவரிடம் கொண்டு சென்றார். பரிசு போயிற்று, குதிரை பிழைத்தது.