யூதரின் கோடை ஓய்வுநாளும் தீவகத்து வெள்ளிக்கிழமையும்



யூத மக்கள் கோடைகாலத்து ஓய்வுநாட்களை எவ்வாறு கொண்டாடுகின்றனர் என்பதைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து இதனைக் கேட்போர், யூதருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவுதல் கூடும். நம் தீவுகளில் யூதர் தொழுகைக்கூடம் எதுவும் இல்லை. 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் பார்க்க வந்த லெனாட் வூல்ஃப் யூத குடும்பத்திலே பிறந்தவர்தாம்; ஆயினும் அவர் பிள்ளைப் பருவத்திலேயே சமய நம்பிக்கையை விட்டுவிட்டவர். அவரைக் கொண்டு ஒரு சபையை எண்ணிப் பார்க்க இயலாது!

நமக்கு அண்மையில் யூதர் சபை தழைத்திருந்த இடம் மலையாளக் கரையிலுள்ள கொச்சியாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு, வட்டெழுத்திலே பொறிக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. நாம் கோயிலுக்குட் செல்வதுபோலவே அங்கும் பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே புகவேண்டும். உலகின் பிற பகுதி யூதரிடத்தே இவ்வழக்கத்தைக் காண்பது அரிது. இம்மண் அவர்களுக்குக் கற்பித்தது போலும்.

யூதரின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலையிலே தொடங்கி, சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று விண்மீன்கள் தோன்றும்போது முடிகிறது. வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றுவர். நம் பெண்கள் வெள்ளிக்கிழமை வாசல் தெளித்து விளக்கு வைப்பதை இது நினைவூட்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் அந்தி சாய்ந்த பின்னும் விளக்கேற்றலாம். அவர்களோ பொழுது பட்டபின் தீயைத் தொடலாகாது. சமையலில்லை, வணிகமில்லை, வண்டியேறுவதுமில்லை. ஊரெல்லைக்கு அப்பால் இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடத்தலும் ஆகாது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குச் சென்று வழிபடுவதுபோன்ற வழிபாடு ஓய்வுநாளில் அவர்களுக்கு இல்லை என்க. ஆகையால் தொழுகைக்கூடத்தைச் சுற்றி, நடந்து வரும் தூரத்திலேயே சபை குடியிருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் ஆனி மாதத்துப் பொழுதுபாட்டிற்கும் மார்கழி மாதத்துப் பொழுதுபாட்டிற்கும் ஒரு மணி நேரங்கூட வேறுபாடில்லை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ நடுக்கோடையில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும். அதுவரை குழந்தைகளை விழித்திருக்கச் சொல்வது எங்ஙனம்? சூரியன் மறைவதற்குச் சற்று முன்னரே ஓய்வுநாளை வரவேற்றுக்கொள்ளலாம் என்று அவர்தம் சமய நூலோர் இடங்கொடுத்துள்ளனர். அதன் பயனாகக் கோடை வெள்ளிகளில் சில சபைகள் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் கூடிப் பாடித் தொழுது, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்ணுகின்றன. முதியோர் சிலர் இதனை விரும்புவதில்லை. கூரையும் சுவரும் அற்ற இடத்தில் பக்தி நிலைக்குமா என்பது அவர்கள் ஐயம். அவ்வையம் எனக்கில்லை, வயல் வெளியில் வேலை நட்டு வணங்கிய மரபிலே வந்தவர்கள் நாம் அன்றோ?

கோடையின் ஓய்வுநாட்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பாஸ்காப் பண்டிகைக்குப் பின்வரும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் 'தந்தையர் மொழிகள்' என்னும் நீதிநூலைப் பல சபையினர் வாரத்துக்கு ஓர் அதிகாரமாக ஓதிப் பொருள் கூறுவர். நம் கோயில் மண்டபங்களில் ஒருவர் கந்தபுராணத்தைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் முறையை இதனோடு ஒப்பிடலாம். யூலை, ஓகத்து மாதங்களை ஒட்டி அவர்களுடைய ஆவ் மாதம் வரும். அதன் வளர்பிறை ஒன்பதாம் நாள், யெரூசலம் ஆலயம் இருமுறை அழிந்ததை நினைந்து உண்ணாதிருக்கும் துக்க நாள். அதற்கு முந்திய ஓய்வுநாளில் ஏசாயா தீர்க்கதரிசியின் கடிந்துரை வாசிக்கப்படும். அடுத்த ஓய்வுநாளிலோ அதே தீர்க்கதரிசியின் ஆறுதலுரை. அதன்பின் புத்தாண்டு வரை ஏழு வாரங்கள் ஆறுதல் மொழிகளே தொடரும். துக்கநாள் சனிக்கிழமையில் வந்துவிட்டால் நோன்பை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பர். அழிவுக்காக அழுவதற்கு ஒரு நாள், தேறுவதற்கு ஏழு வாரம்! இடம்பெயர்ந்து அலைந்த நம்மவர்க்கு இக்கணக்கின் நுட்பம் எளிதில் விளங்கும்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்தி. யூதர் வழிபாட்டில் பத்துப் பேர் என்றொரு விதி உண்டு. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பதின்மர் கூடினாலன்றிச் சபை கூடியதாகக் கொள்ளார். புதிய பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுவர். தனித்திருந்து மன்றாடலாம், தடையில்லை. ஆனால் வேதச் சுருளை எடுத்துச் சபை நடுவே ஓதுதல் இல்லை. தாய் இறந்த மகன் அவள் பொருட்டுச் சொல்லவேண்டிய 'கதீஷ்' என்னும் துதியையும் பத்துப் பேர் சூழ நின்றாலன்றிச் சொல்ல முடியாது. பெருஞ் செல்வரும் பத்தாவது ஆளாகிய கூலியாளுக்காக வாயிலிலே காத்து நிற்கவேண்டும். பணம் அங்கே உதவாது.

கேரளத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோராக வாழ்ந்த யூதருள் மிகப்பெரும்பாலோர் 1950களில் இசுரவேலுக்குச் சென்றனர். நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்தீம் என்னும் குடியேற்றத்தில் 1954 முதல் அவர்களுட் பலர் வேளாண்மை செய்தனர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்து உட்புற மரவேலைப்பாடு யெரூசலத்து அருங்காட்சியகத்தில் இப்போது உள்ளது. பரதேசிக் கூடத்திலோ உள்ளூரிலே பத்துப் பேர் தேறாத நிலை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சுற்றுலாவாக வந்த யூதர் சேர்ந்து எண்ணிக்கை நிறைந்த நாட்களிலே முழு வழிபாடு நடந்தது. விளக்குகள் இருந்தன, சீன ஓடு பதித்த தளம் இருந்தது, வேதச் சுருள்களும் இருந்தன.

தீவகத்தாராகிய நாம் இவ்விதியைக் கேட்டதும் திடுக்கிடவேண்டியவர்கள். 1990களின் தொடக்கத்தில் ஊர்கள் வெறிச்சோடின. போனோரிற் பலர் திரும்பவில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் நம் ஊர்ச் சங்கங்கள் கோடையிலே பூங்காக்களில் ஒன்றுகூடல் நடத்துகின்றன. யூதர் சபை பாடித் தொழும் பூங்காவின் அடுத்த மூலையிலே நம்மவர் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கலாம். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்பாளின் பெருந்திருவிழாவுக்குக் கடல் கடந்தும் வருகின்றனர். சோளகக் காற்று கடலைக் கலக்கினும் படகுகள் நிறைந்தே செல்கின்றன; அன்னதான மண்டபத்தில் பந்திக்கு மேற் பந்தி. ஊர்காவற்றுறையில் யாகப்பர் திருநாள் யூலை 25இல் வருவது. கோடையில் தீவகத்துக்கு ஆட்குறை இல்லை.

சிறு கோயில்களின் நிலை வேறு. திருவிழா உபயம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குரியது. அக்குடும்பம் ரொறன்ரோவில் இருந்தாலும் பணம் தவறாது வருகிறது. மேளம் வருகிறது, மின்விளக்கு அலங்காரம் வருகிறது, கோபுரத்துக்குப் புதுவர்ணமும் ஏறுகிறது. வாகனத்தைத் தோளிலே சுமந்து சுவாமி காவுவதற்குத்தான் ஆட்கள் குறைவு. பாரத்தைக் குறைத்துச் சிறிய வாகனம் செய்யலாமா என்று சிலவிடங்களில் யோசிக்கின்றனர். சில்லுப் பூட்டி உருட்டுவோரும் உண்டு. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் புதுவர்ணத்துக்குச் செலவாகும் பணத்திலே ஒரு பங்கை, கோயிலைச் சூழ்ந்த வீடுகளில் ஏழெட்டுக் குடும்பங்கள் நிலையாகக் குடியிருப்பதற்கு, நன்னீருக்கும் படகுச் சேவைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் செலவிட்டால், சுவாமி காவுவோர் அக்குடும்பங்களிலிருந்தே எழுவர் என்பது என் துணிபு. வெளிநாட்டிலுள்ள உபயகாரர் அடுத்த ஆண்டுப் பணத்தை அனுப்புமுன், ஆனிப் பௌர்ணமி கழிந்து படகுகள் திரும்பிய பின் வரும் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குத் தம் ஊர்க் கோயிலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஐயரிடம் தொலைபேசியிற் கேட்டறிவார்களாக.