ஜீவனமும் அபிப்பிராயமும்



எல்லாச் சாதியாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் காந்தியடிகள் 1939ஆம் ஆண்டில் திறந்துவைத்த லக்ஷ்மிநாராயணர் ஆலயமும், அவரே 1946, 1947ஆம் ஆண்டுகளில் துப்புரவுத் தொழிலாளரிடையே தங்கி, லண்டனிலிருந்து வந்த மந்திரிகளைச் சந்தித்த வால்மீகி ஆலயமும், சென்னை ராஜதானியிலிருந்து சர்க்கார் உத்தியோகத்திற்கென்று வடக்கே வந்த நம்மவர்கள் தம் குழந்தைகளுக்காக 1923இல் தோற்றுவித்த கல்விச் சங்கத்தின் பள்ளியும் ஒரே சாலையில் அமைந்திருக்கும் இந்தத் தில்லி மந்திர் மார்க்கில் நின்று பேசுவதை நான் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன். இன்று பட்டம் பெறும் உங்களில் பலருடைய பாட்டனார்கள் காரியாலயக் கோப்புகளுக்கு நடுவே தம் வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களுடைய நேர்மையையும் உழைப்பையும் நான் நன்கறிவேன். ஆயினும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. நமக்குச் சோறு போடுகிறவன் தவறு செய்கிறான் என்று நம் மனத்திற்குப் பட்டால், அதைச் சொல்லும் உரிமையை நாம் எவ்வாறு காப்பாற்றிக்கொள்வது? அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்க முயன்ற ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

மினோசெர் ருஸ்தம் மஸானி, உலகம் அறிந்த பெயரில் மினூ மஸானி, 1905ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாயில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஸர் ருஸ்தம் மஸானி, பம்பாய் நகராட்சியின் முதல் இந்திய ஆணையராகவும், பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர். தாதாபாய் நௌரோஜியின் சரித்திரத்தை எழுதியவர். செல்வமும் கல்வியும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்து, லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்று, பாரிஸ்டராகித் திரும்பிய அப்புதல்வர், உயர்நீதிமன்றத்தில் சௌகரியமாக வாதாடிக்கொண்டிருக்கலாம். அதை விட்டுச் சட்டமறுப்பு இயக்கத்தில் குதித்து நாசிக் சிறைக்குப் போனார். அங்கே ஜயப்பிரகாஷ் நாராயணரோடும் பிற தோழர்களோடும் நடத்திய சம்பாஷணைகளிலிருந்துதான் 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சி பிறந்தது.

அவ்வாண்டுகளில் அவர் சோவியத் ருஷியாவைப் பக்தியோடு நோக்கியவர். அந்நாட்டிற்குச் சென்று வந்தவர். ஆனால் மாஸ்கோவில் பழைய புரட்சி வீரர்கள் கூண்டிலேற்றப்பட்டுத் தம்மைத் தாமே துரோகிகள் என்று பிரகடனம் செய்த விசாரணைகளும், 1939இல் ஸ்டாலினும் ஹிட்லரும் செய்துகொண்ட உடன்படிக்கையும் அவருடைய நம்பிக்கையைத் தகர்த்தன. 1939இல் கட்சியை விட்டு விலகினார். 1944இல் சோஷலிஸத்தை மறுபரிசீலனை செய்யும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். தம் இளமையின் தெய்வத்தை வெளிப்படையாகக் கைவிடுகிறவனுக்குப் பழைய நண்பர்கள் சூட்டும் பெயர்கள் யாவும் அவருக்கும் சூட்டப்பட்டன.

ஃபிரான்ஸ் தேசத்தில் அதே 1905ஆம் ஆண்டில் பிறந்த ரேமோன் ஆரோன் என்னும் பேரறிஞரின் பாதையும் இதனை ஒத்ததே. அவர் இளமையில் இடதுசாரி. 1933இல் பெர்லினில் இருந்துகொண்டு ஹிட்லர் எழுவதைக் கண்ணாரக் கண்டவர். 1955இல் தம் நாட்டு அறிவுஜீவிகளின் கம்யூனிஸ மயக்கத்தைக் கடிந்து அவர் எழுதிய நூல் பாரிஸ் நகரத்தையே பகைத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகள் ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் எழுதி வந்த அவர், புதிய உரிமையாளர் பத்திரிகையின் கருத்துப் பக்கங்களிலும் கை வைக்க முற்பட்டபோது, 1977இல், எழுபத்திரண்டாம் வயதில் அதை விட்டு வெளியேறினார். அபிப்பிராயத்திற்கும் ஊதியத்திற்கும் உள்ள முடிச்சு அவரையும் விட்டுவைக்கவில்லை.

மஸானியின் விசேஷம் அந்த முடிச்சைத் தாமாகவே தேர்ந்து அவிழ்த்ததில் இருக்கிறது. 1940இல் இந்தியாவின் நிலத்தையும் நீரையும் கனிப்பொருளையும் மக்களையும் பற்றிச் சிறுவர்களுக்குப் படங்களோடு விளக்கி அவர் எழுதிய ‘நமது இந்தியா’ என்னும் ஆங்கில நூல் தேசமெங்கும் பள்ளிகளில் படிக்கப்பட்டது. அதையடுத்து டாட்டா நிறுவனத்தில் சேர்ந்து, ஜே. ஆர். டி. டாட்டாவின் நெருங்கிய ஆலோசகர்களில் ஒருவரானார். 1943இல் பம்பாய் மேயரானார். சுதந்திரம் வந்தபின் பிரேஸிலில் நம் தூதராகப் பணியாற்றினார். பின்பு, பெரிய நிறுவனத்தின் நிழலை விட்டு விலகி, ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஊழியர் நிர்வாகத்திலும் உற்பத்தித் திறனிலும் யோசனை சொல்லும் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தாமே நடத்தலானார். தக்க ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி, மேலாளனுக்கும் தொழிலாளிக்கும் இடையே பேச்சுவார்த்தை முறியாமல் காப்பது எப்படி என்று கட்டணம் பெற்று அறிவுரை கூறும் தொழில் அது. அக்காலத்தில் நம் நாட்டில் வக்கீலும் வைத்தியரும் யோசனைக்குக் காசு வாங்கினால் யாரும் வியப்பதில்லை. நிர்வாகத்திற்கு யோசனை சொல்லிக் காசு வாங்குவது புதுமை.

இந்தப் பகுதியை அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதுவே அச்சரித்திரத்தின் மையமாகத் தோன்றுகிறது. மந்திரி பதவியையோ, சர்க்கார் மானியத்தையோ, ஒரே முதலாளியின் தயவையோ எதிர்பாராமல், பல வாடிக்கையாளர்களிடம் சிறிது சிறிதாகப் பெற்று ஜீவனம் நடத்துகிறவனை மிரட்டுவது கடினம். ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

1957இல் ஜார்க்கண்ட் கட்சியின் ஆதரவோடு ராஞ்சியிலிருந்து லோக்சபைக்கு வந்த மஸானி, 1959 ஜூன் மாதத்தில் சென்னையில் ராஜாஜி புதிய கட்சி ஒன்றை அறிவித்தபோது உடனிருந்தார். அதுவே சுதந்திராக் கட்சி. என். ஜி. ரங்கா தலைவர், மஸானி பொதுச்செயலாளர். பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்னும் மூன்று சொற்களால் ராஜாஜி வருணித்த ஆட்சி முறையை எதிர்ப்பதே அதன் நோக்கம். அக்கட்சியின் இருபத்தொரு கொள்கைகளில் என்னை மிகவும் கவர்வது, அக்கொள்கைகளில் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றிருந்தனர் என்பதுதான். கட்சி உத்தரவுக்குப் பணிந்து கைதூக்கும் வழக்கத்தையே அரசியல் என்று நினைத்துப் பழகிய நமக்கு அது கனவு போலத் தோன்றும். 1967 தேர்தலில் நாற்பத்து நான்கு ஸ்தானங்களை வென்று, லோக்சபையில் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அது அமர்ந்தது. ராஜ்கோட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மஸானி, பொதுக் கணக்குக் குழுவின் தலைவராகி, சர்க்காரின் வரவுசெலவைத் துருவி ஆராய்ந்தார்.

இங்கே மறைக்கலாகாத விஷயங்களும் உண்டு. சுதந்திராக் கட்சி மகாராஜாக்களின் கட்சி, முதலாளிகளின் கட்சி என்று எதிரிகள் ஏசியதில் உண்மையின் ஒரு பங்கு இருந்தது. ஜமீன்களும் வியாபாரப் பணமும் அதற்குத் துணை நின்றன. மேலும், கலாசார சுதந்திரத்திற்கான சர்வதேசப் பேரவையின் இந்தியக் குழுவைப் பம்பாயில் அமைத்தவர்களில் மஸானி முக்கியமானவர். ஆரோனும் அப்பேரவையில் பங்கு கொண்டவரே. அதற்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் மறைமுகமாக வந்தது என்று 1966, 1967ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டபோது, சுதந்திரச் சிந்தனையைப் பற்றிப் பேசிய பலர் உலகெங்கும் தலைகுனிய நேர்ந்தது. அங்கே எழுதப்பட்டவை யாவும் கூலிக்கு எழுதப்பட்டவை என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வது அநியாயம். ஆனால் பிறர் செலவில் இயங்கும் சங்கம், அச்செலவு எங்கிருந்து வருகிறது என்று விசாரியாமல் இருந்தால், அதன் மெய்யான வார்த்தையும் சந்தேகத்திற்கு இலக்காகும். தம் சொந்தக் குடும்பச் செலவில் மஸானி கடைப்பிடித்த எச்சரிக்கையைப் பொது ஸ்தாபனங்களிலும் எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

1971 தேர்தலில் கட்சி எட்டு ஸ்தானங்களுக்குச் சுருங்கிற்று, மஸானியும் தோற்றார், அதற்குள் தாம் ஏற்றிருந்த கட்சித் தலைமைப் பதவியைத் துறந்தார். அறுபத்தைந்து வயது மனிதர் ஓய்வு கொள்ளலாம் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். அவரிடம் மிஞ்சியது 1952இல் தொடங்கப்பெற்ற ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ என்னும் சிறு பத்திரிகை. விளம்பரச் செல்வமோ, பெருந்தொகையான வாசகரோ அதற்கில்லை.

1975 ஜூனில் நெருக்கடி நிலை பிரகடனமானது. பத்திரிகைகள் அச்சேறுமுன் தணிக்கைக்கு வரவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இத்தலைநகரில் பெரிய பத்திரிகைகள் பல பணிந்து நடந்தன. மஸானி தம் சிறு பத்திரிகையின் கட்டுரைகளைத் தணிக்கையாளருக்கு அனுப்பினார். அவற்றில் பதினொன்றை வெளியிடக் கூடாது என்று பதில் வந்தது. அவர் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றார். ஸோலி ஸொராப்ஜி அவருக்காக வாதாடினார். தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளிக்க, சர்க்கார் மேல்முறையீடு செய்ய, நீதிபதிகள் மதனும் கானியாவும் 1976 பிப்ரவரி 10ஆம் தேதி அம்மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். பத்திரிகைகள் யாவற்றையும் ஒரே குரலில் பாட வைப்பது தணிக்கையாளரின் வேலையன்று என்பதும், சர்க்காரைக் குறை கூறுவது ஜனநாயகத்தில் குற்றமாகாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அந்த மாதங்களில், அதிகாரமோ பதவியோ இல்லாத ஒரு முதியவர், தம் அச்சகத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு நியாயஸ்தலத்தின் படியேறி, வென்று திரும்பினார்.

அந்த வழக்கை நடத்தப் பணமும் காலமும் வேண்டியிருந்தன. தோற்றால் போகக்கூடியது ஒரு பத்திரிகையேயன்றி அவருடைய சோறு அன்று. இதைத்தான் இன்று பட்டம் பெறும் உங்களிடம் நான் சொல்ல வந்தேன். உங்களில் பலர் சர்க்கார் உத்தியோகத்திற்கும், பெரிய கம்பெனிகளுக்கும் செல்வீர்கள், அது இழிவன்று. கோப்பின் ஓரத்தில் தன் மாறுபட்ட கருத்தைத் தயங்காமல் எழுதிக் கையொப்பமிடும் குமாஸ்தாவும் மஸானியின் இனத்தைச் சேர்ந்தவரே. ஆனால் முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலேயே சிறிது சேமியுங்கள். அலுவலகத்திற்கு வெளியேயும் செல்லுபடியாகும் ஒரு வித்தையைக் கைவசம் வைத்திருங்கள். சம்பளத்தை மிஞ்சிய வீட்டுக்கடனை இருபத்தைந்தாம் வயதில் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வேலையை விட்டாலும் ஆறு மாதம் தாங்கும் என்று தெரிந்திருக்கிறவன் மேலதிகாரியின் முன் பேசுகிற தமிழே வேறு.