நெருஞ்சில் குடிநீர்: பயனும் காப்பும்



சமணப் புலவரான காரியாசான் தாம் இயற்றிய அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயர் சூட்டினார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களைச் சேர்த்துச் செய்யும் மருந்தின் பெயர் அது. ஐந்து வேர்களும் உடற்பிணியைத் தீர்ப்பது போல, பாட்டுதோறும் அமைந்த ஐந்து கருத்துகள் உள்ளத்தின் பிணியைத் தீர்க்கும் என்பது அப்பெயரின் பொருள். அவ்வைந்தனுள் ஒன்றாகிய நெருஞ்சி இன்றும் பல இல்லங்களில் குடிநீராகக் காய்ச்சப்படுகிறது. அதன் பயன் எவ்வளவு, அதன் எல்லை எது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

நெருஞ்சில் தரையோடு படரும் சிறு பூண்டு. ஐந்து இதழ்களையுடைய மஞ்சள் பூவும், காலில் தைக்கும் முட்காயும் அதன் அடையாளங்கள். அக்காயை உலர்த்தியே நாட்டு மருந்துக் கடைகளில் நெருஞ்சில் முள் என்று விற்கின்றனர். ஆனை நெருஞ்சில் என்றும் பெருநெருஞ்சில் என்றும் வழங்கும் செடி வேறு இனத்தைச் சார்ந்தது. அதன் பசுந்தண்டையும் இலையையும் நீரில் இட்டு அலசினால் நீர் வழவழப்பாகித் தடித்துவிடும். இரண்டையும் ஒன்றெனக் கருதி மாற்றிப் பயன்படுத்துதல் கூடாது. சாலையோரத்திலும் பூச்சிமருந்து தெளித்த வயல்வரப்பிலும் பறித்தவற்றையும் தவிர்த்தல் வேண்டும்.

சித்த மருத்துவம் இம்முள்ளை நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்துகிறது. ஆயுர்வேதம் இதனைக் கோக்ஷுரம் என்று போற்றுகிறது. வெயில் காலத்தில் நீர் அருந்தாமையால் சிறுநீர் குறைந்து எரிச்சல் காணும்போது, இடித்த முள்ளை நீரிலிட்டுக் காய்ச்சி, வடிகட்டி அருந்துவது வீட்டு வழக்கம். அவ்வேளையில் கிடைக்கும் ஆறுதலில் மூலிகைக்கும் பங்குண்டு. அதனோடு உட்செல்லும் நீருக்கும் பங்குண்டு.

சிறுநீர் பெருகினால் சிறுநீரகம் சுத்தமாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது பிழையான எண்ணம். நலமுள்ள சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப ஈர்த்துக்கொள்ள, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சிறுநீராக வெளியேறுகிறது. நீர்பெருக்கி மருந்துகள் பொதுவாக இந்தத் திரும்ப ஈர்த்தலைக் குறைக்கின்றன. அதனால் நீரும், அதனோடு சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் மிகுதியாக வெளியேறும். பழுதுற்ற சிறுநீரகத்தை அவை செப்பனிடுவதில்லை.

2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், நெருஞ்சிலின் நீர்ச்சாறு எலிகளில் சிறுநீரைப் பெருக்கியது. சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் மிகுதியாக வெளியேறின. ஆயினும் அங்கே கொடுக்கப்பட்ட அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே விகிதம் 300 கிராம் ஆகிவிடும். எலிக்குரிய கணக்கை மனிதருக்கு அப்படியே ஏற்றுதல் இயலாது எனினும், இல்லத்தில் அருந்தும் ஒரு குவளைக் குடிநீருக்கு அவ்வாய்வை நேர்ச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது என்பது தெளிவு.

கல்லடைப்பைப் பற்றியும் ஒரு சொல். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். அவ்வேளையில் எது அருந்தப்பட்டதோ, அதுவே கல்லைக் கரைத்ததாகப் பெயர் பெறுகிறது. கல் மீண்டும் தோன்றாமல் காப்பதற்கு முதன்மையான வழி, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துதலே. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்க்கு மட்டும் அந்நீரின் அளவையும் மருத்துவரே வகுக்க வேண்டும்.

இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்பாரும் உளர். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பு இங்கே நினைக்கத்தக்கது. ஈரான் நாட்டைச் சேர்ந்த 28 வயது இளைஞர் ஒருவர், சிறுநீரகக் கல் வராமல் தடுக்க எண்ணி நெருஞ்சில் நீரை இரண்டு நாள் அருந்தினார். வலிப்பு கண்டு மருத்துவமனை சேர்ந்தபோது, அவருடைய கல்லீரலும் சிறுநீரகமும் தாக்குற்றிருந்தன. அருந்துவதை நிறுத்திய பின்னர்க் கல்லீரலின் நிலை சீரடைந்தது. ஒருவருக்கு நேர்ந்தது எல்லார்க்கும் நேரும் என்பதில்லை. எனினும், அளவும் ஆளும் அறியாமல் அருந்துதல் தகாது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

நோன்புக் காலத்தில் இவ்வெச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எழுபது வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். அம்மாத்திரையிலேயே நீர்பெருக்கி கலந்திருக்கிறது. உபவாசம் ஏற்று, கதிரவன் மறைந்த பின் நீரும் அருந்தாதிருக்கிறார். காலில் சிறிது வீக்கம் கண்டதும், அன்புடைய மருமகள் நெருஞ்சில் குடிநீர் காய்ச்சித் தருகிறார். நீரும் உப்பும் ஏற்கெனவே குறைந்த உடலிலிருந்து அவை மேலும் வெளியேறுகின்றன. எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது; விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அன்பில் குறையில்லை, கேட்டறியாமையே குறை. கால்வீக்கம் இதயத்தாலும் வரும், கல்லீரலாலும் வரும், சிறுநீரகத்தாலும் வரும், சில மாத்திரைகளாலும் வரும். எதனால் என்று அறியாமல் நீரைப் பெருக்குவது மருத்துவம் ஆகாது. ஆதலால், நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள் நோன்பு ஏற்கும் முன்னரே மருத்துவரைக் கலந்து, மாத்திரையின் வேளையையும் அளவையும் கேட்டறிதல் நலம். நோன்பு நாளிலும் பாரணையின்போதும் நீர்பெருக்கும் குடிநீரை விலக்குதல் வேண்டும்.

கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இதனை அருந்துதல் கூடாது. சிறுநீரகச் செயல் குறைந்தவர்க்கு, மூலிகையிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர்க்கு அவை அளவுக்கு மீறித் தாழக்கூடும். மனநலத்துக்காக லித்தியம் உட்கொள்வோர்க்கு, உடலில் நீர் குறையும்போது அம்மருந்து தேங்கி நஞ்சாகலாம். முதியவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீரடைப்பு ஏற்பட்டால், சிறுநீர் சுரக்கிறது. வெளியேற வழியில்லை என்பதே பொருள். அந்நிலையில் நீரைப் பெருக்குவது வேதனையையே பெருக்கும்.

காய்ச்சலோடு குளிர்நடுக்கம், சிறுநீரில் இரத்தம், அடங்காத விலாவலி, தொடர்ந்த வாந்தி, சிறுநீர் அறவே கழியாமை, முகத்திலும் காலிலும் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அடுப்பில் குடிநீர் ஏற்றிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி நலமாயுள்ளவர்கள் இக்குடிநீரை அருந்த விரும்பினால், பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் அளவும் நாளும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பொடிக்குரிய அளவு வேறு, குடிநீருக்குரிய அளவு வேறு. காலையில் அருந்துதல் நன்று. மாலையில் அருந்தினால் இரவில் பலமுறை எழ நேர்ந்து முதியோர் தடுமாறுவர். பிற மருந்துகளை எழுதித் தரும் மருத்துவரிடமும் இதனை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி எனும் நான்கையும் சமணம் தானங்களாக வகுத்தது. அதே சமணம், கவனமின்மையால் உயிர்க்கு இழைக்கும் ஊறும் இம்சையே என்றும் வரையறுத்தது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால் மருந்துதானத்தின் இலக்கணம் விளங்கும். ஒரு குவளைக் குடிநீரை நீட்டும் முன், உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து உட்கொள்கிறீர்கள், இன்று நீர் அருந்தினீர்களா என்று மூன்று கேள்விகள் கேட்கப்படட்டும். அக்கேள்விகளும் தானத்தின் பகுதியே.